பெரிய ரிமோட் ஹெலிகாப்டருக்கு மாறப் போறீங்களா? 2 கிலோ கோட்டைக் கவனிங்க!

வடலூர் தைப்பூசத்துக்குப் போய்விட்டு வரும் குழந்தைகள் கையில் பலூன், பீப்பிக்கு அடுத்து இப்போது ரிமோட் ஹெலிகாப்டரும் இருக்கிறது. வீட்டு ஹாலில் நாலு நாள் பறக்கும். ஐந்தாவது நாள் மின்விசிறியில் மாட்டிக்கொள்ளும். பெரும்பாலான வீடுகளில் கதை அதோடு முடிந்துவிடும். சிலருக்கு மட்டும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ‘இதைவிடப் பெரிசா ஒண்ணு வாங்கினா என்ன?’ என்ற கேள்வி வந்துவிட்டால் லேசில் போகாது.

தமிழ்நாட்டில் இந்தப் பொழுதுபோக்கை ஊரறிய வைத்தவர் நடிகர் அஜித்குமார். ரிமோட் விமானங்கள், ஹெலிகாப்டர்கள் மீது நீண்ட நாளாக ஆர்வம் கொண்டவர் அவர். 2018-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாக மாணவர்களின் ‘தக்‌ஷா’ அணிக்கு ஹெலிகாப்டர் சோதனை விமானியாகவும் ஆலோசகராகவும் சேர்ந்தார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ‘மெடிக்கல் எக்ஸ்பிரஸ்’ ஆளில்லா விமானப் போட்டியில் அந்த அணி இரண்டாம் இடம் பிடித்தது. பொம்மையில் தொடங்குகிற ஆர்வம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆனால் பொம்மைக்கும் அந்த அளவு ஹெலிகாப்டருக்கும் நடுவில் மூன்று படிகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே தாவலில் தாண்டப் பார்ப்பவர்கள்தான் பணத்தையோ விரலையோ இழக்கிறார்கள்.

முதல் படி: கை பழக்கத்தை மாற்றுவது

திருவிழாக் கடை ஹெலிகாப்டரில் ஒரே தண்டில் இரண்டு விசிறிகள் மேலும் கீழுமாக எதிரெதிர்த் திசையில் சுற்றும். அதனால் அது தானாகவே நிதானமாக நிற்கும். மேலே போக வேண்டுமா, மோட்டாரை வேகமாக்கு. இறங்க வேண்டுமா, வேகத்தைக் குறை. அவ்வளவுதான்.

பெரிய மாடல்கள் இப்படி வேலை செய்வதில்லை. ‘கலெக்டிவ் பிட்ச்’ என்ற வகையில் விசிறியின் வேகம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். பிளேடுகள் காற்றை வெட்டும் கோணம்தான் மாறும். கோணம் மேல் நோக்கினால் ஏறும், கீழ் நோக்கினால் இறங்கும். நிஜ ஹெலிகாப்டரும் இதே தத்துவத்தில்தான் பறக்கிறது. மாடலில் கோணத்தைப் பூஜ்யத்துக்கும் கீழே கொண்டுபோக முடியும் என்பதால், அதைத் தலைகீழாகக்கூடப் பறக்கவிடலாம்.

சிக்கலே இங்கேதான். பொம்மை ஓட்டியவரின் கைக்கு ஒரு பழக்கம் ஒட்டியிருக்கும்: பயம் வந்தால் ஸ்டிக்கைச் சட்டென்று கீழே இழுப்பது. பொம்மை மெதுவாகத் தரையில் விழும், எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். கலெக்டிவ் பிட்ச் ஹெலிகாப்டர் ‘ஐடில் அப்’ என்ற நிலையில் இருக்கும்போது இதையே செய்தால் மோட்டார் நிற்காது. முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே ஹெலிகாப்டர் தன்னைத் தானே தரையில் குத்திக்கொள்ளும். அனுபவசாலிகள் புதியவர்களுக்கு முதலில் காட்டுவது ஸ்டிக்கை அல்ல, ‘த்ராட்டில் ஹோல்டு’ சுவிட்சை. மோட்டாரை உடனே துண்டிப்பது அதுதான். கீழே விழப்போகிறது என்று தெரிந்த அரை விநாடியில் விரல் அங்கே போக வேண்டும். விழுந்த பிறகும் மோட்டார் சுற்ற முயன்றால் பல்சக்கரம் அரைபடும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கருகும்.

இன்னொரு பாடம் திசை. ஹெலிகாப்டரின் வால் நம் பக்கம் இருக்கும்வரை இடது என்றால் இடதுதான். மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பியதும் இடது வலதாகிவிடும். மூளைக்கு இது பழக வாரக்கணக்கில் ஆகும், அதற்குக் குறுக்கு வழியே கிடையாது. கம்ப்யூட்டரில் ஓடும் சிமுலேட்டரோடு உண்மையான ரிமோட்டை இணைத்துப் பழகுவதுதான் மலிவான வழி. அதில் நூறு முறை விழுந்தாலும் செலவு இல்லை. வால் நம் பக்கம், பிறகு பக்கவாட்டு, கடைசியாக மூக்கு நம் பக்கம் என்ற வரிசையில் அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தப் பழகிய பிறகே வெளியே போவது புத்திசாலித்தனம். சிமுலேட்டருக்குச் செலவாகும் பணம் வீண் என்று நினைப்பவர்கள், முதல் விபத்துக்குப் பிறகு உதிரி பாகப் பட்டியலைப் பார்த்தால் மனசு மாறிவிடுவார்கள்.

இரண்டாவது படி: அளவு

இந்த ஹெலிகாப்டர்களை 450, 500, 550, 600, 700 என்று எண்களால் அழைக்கிறார்கள். 550-க்கு மேலே அந்த எண் பெரும்பாலும் பிளேடின் நீளத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. 450 வகை அப்படி இல்லை. அதன் பிளேடு சுமார் 325 மில்லிமீட்டர்தான்.

கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் பெரிய ஹெலிகாப்டரை ஓட்டுவது சின்னதை ஓட்டுவதைவிடச் சுலபம். கைக்கடக்கமான மாடல் ஒரு சின்னக் காற்றுக்கே துள்ளும். எடை கூடினால் அந்தத் துள்ளல் குறையும், திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். கண்ணுக்கும் நன்றாகத் தெரியும். 450 வகை ஹெலிகாப்டர் கொஞ்ச தூரம் போனாலே கறுப்புப் புள்ளிதான், எது மூக்கு எது வால் என்றே தெரியாது. 600 அப்படி இல்லை. அதனால்தான் ‘நேரா பெரிசா வாங்கிடு, சீக்கிரம் கத்துக்கலாம்’ என்ற யோசனை அடிக்கடி காதில் விழுகிறது.

அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி கணக்கில் இருக்கிறது. 450 வகையின் விசிறி விட்டம் சுமார் 70 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டர். 700 வகையில் விட்டம் 1.5 மீட்டருக்கும் மேல். அது நிமிடத்துக்கு 2,000 சுற்றுதான் சுற்றுகிறது என்றாலும் நுனி வேகம் மணிக்கு 600 கிலோமீட்டரைத் தொடும். பிளேடின் எடையும் சுமார் 30 கிராமிலிருந்து 200 கிராம் அளவுக்கு ஏறிவிடுகிறது. எடையையும் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், பெரிய பிளேடு மோதும் ஆற்றல் 15 மடங்குக்கு மேல். சின்னது பட்டால் தையல் போட வேண்டியிருக்கும். பெரியது பட்டால் ஆள் தப்புவதே சந்தேகம்.

இது பயமுறுத்தல் இல்லை. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதியில் ஒரு பூங்காவில், தன் 700 வகை ஹெலிகாப்டரின் பிளேடு தலையில் பட்டு 19 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். அவர் புதியவர் அல்ல, நன்றாக ஓட்டத் தெரிந்தவர்.

அதனால் முதல் மாடலுக்கு 450 அல்லது 500 வகை போதும். விழுந்தால் பிளேடு, நடுத் தண்டு, பல்சக்கரம், வால் குழாய் எல்லாம் அநேகமாகச் சேர்ந்தே போகும். இந்த அளவில் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரிசெய்துவிடலாம், மாதச் சம்பளமும் கரையாது. ஓட்டுபவர் குறைந்தது 10 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் அவருக்குப் பின்னால் இன்னும் தள்ளி நிற்க வேண்டும். நம் ஊரில் கடைசி விதியைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். விசிறி சுற்ற ஆரம்பித்தாலே சின்னப் பசங்க கூட்டம் ஓடி வந்துவிடும். பசங்களை ஒதுக்கி நிறுத்த இன்னொரு ஆள் கூடவே வராமல் பறக்கவிடாமல் இருப்பது நல்லது.

மூன்றாவது படி: சட்டம்

ட்ரோன் விதிகள் என்றால் நாலு விசிறி கேமரா ட்ரோனுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட ட்ரோன் விதிகள், விமானி உள்ளே இல்லாமல் பறக்கும் எல்லாவற்றையும் பற்றிப் பேசுகின்றன. சுழல் விசிறி வகையும் அதில் வருகிறது. அதாவது ரிமோட் ஹெலிகாப்டரும் அடக்கம்.

எடைதான் எல்லைக்கோடு. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை ஸ்மால். மைக்ரோ வகையைப் பொழுதுபோக்குக்காக ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. 2 கிலோவைத் தாண்டினால் தேவை.

450 வகை பேட்டரியோடு சேர்த்து ஒரு கிலோவுக்குள் அடங்கும். 500 வகை பெரும்பாலும் 2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். 550 அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். ஆக, 500-லிருந்து 550-க்குப் போகிற அந்த ஒரு படியில் ஹெலிகாப்டர் மட்டும் மாறுவதில்லை, ஓட்டுபவரின் சட்ட நிலையும் மாறுகிறது. கடையிலோ இணையத்திலோ வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. பேட்டரியை மாற்றினால் எடையும் மாறும் என்பதால், மளிகைக் கடைத் தராசிலாவது ஒருமுறை வைத்துப் பார்ப்பது நல்லது.

பொழுதுபோக்குக்கும் கல்விக்கும் கண் பார்வைக்குள் பறக்கவிடும் 25 கிலோ வரையிலான மாடல்களுக்கு, வகைச் சான்றிதழ் வாங்குவதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் பதிவு செய்து தனி அடையாள எண் பெறுவது வேறு விஷயம், அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் கேட்கிறது சட்டம். விதியை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம். இன்னொன்று, மைக்ரோ வகைக்கான சலுகை பொழுதுபோக்குக்கு மட்டும்தான். அதில் கேமரா கட்டி, காசு வாங்கிக்கொண்டு கல்யாண வீடியோ எடுத்தால் அது தொழில். சான்றிதழ் இல்லாமல் செய்ய முடியாது.

சான்றிதழுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த மையத்தில் பயிற்சி முடிக்க வேண்டும்.

குறிஞ்சிப்பாடியில் எங்கே பறக்கவிடலாம்?

டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை என்று காட்டும் இடத்தில் 400 அடி உயரம் வரை பறக்க முன் அனுமதி வேண்டாம். மஞ்சள் என்றால் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. குறிஞ்சிப்பாடிக்காரர்கள் இந்த வரைபடத்தை அசட்டை செய்ய முடியாது. பக்கத்திலேயே நெய்வேலி. சுரங்கம், அனல் மின் நிலையங்கள் தவிர விமான ஓடுதளமும் அங்கே இருக்கிறது. வண்ணங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை. போன மாதம் பச்சையாக இருந்தது என்பதை நம்பிக் கிளம்பாமல், பறக்கவிடும் நாளன்றே பார்ப்பது நல்லது.

வரைபடத்தில் தெரியாத தடைகளும் உண்டு. நெய்வேலியிலிருந்து நாலா பக்கமும் போகும் உயரழுத்த மின்கம்பிகள் வயல்வெளிக்கு மேலேதான் போகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் கோபுரம் தெரியும், கம்பி தெரியாது. கடலூர் – விருத்தாசலம் ரயில் பாதையும் ஊரை ஒட்டியே ஓடுகிறது. இரண்டிலிருந்தும் நன்றாக விலகிய, அறுவடை முடிந்த வயலோ கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரித் தரையோ தோதான இடம். அதுவும் நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு. கடல் ரொம்ப தூரமில்லை என்பதால் கோடையில் மதியத்துக்கு மேல் கடல் காற்று வீசத் தொடங்கிவிடும். பழகுபவர்களுக்குக் காலை நேரம்தான் சரி.

வெயில் இன்னொரு பிரச்சினை. இவற்றில் இருப்பது லித்தியம் பாலிமர் பேட்டரி. 450-க்கு 11.1 வோல்ட் போதும், 500-க்கு 22.2 வோல்ட், 700 வகையில் பெரும்பாலும் 44.4 வோல்ட். அளவு ஏற ஏற, தீப்பிடித்தால் ஆகும் சேதமும் ஏறும். மே மாதத்தில் மூடிய காருக்குள்ளோ பைக் பெட்டியிலோ வைத்துவிட்டுப் போகக் கூடாது. உப்பிய பேட்டரியை ‘இன்னும் ஒரு தடவை’ என்று சார்ஜ் போடவே கூடாது. மெத்தை மேல், கூரை வீட்டுக்குள், ராத்திரி தூங்கும்போது சார்ஜ் போடுவதும் வேண்டாம். மணல் பரப்பிய மண் சட்டியில், கண் முன்னே வைத்து சார்ஜ் போடுவது நம் வீடுகளில் உடனே செய்யக்கூடிய ஏற்பாடு.

வாங்கும்போது மாடலின் அழகைவிட உதிரி பாகம் இந்தியாவில் கிடைக்குமா என்று பார்ப்பது முக்கியம். முழுதாகத் தயாரான ட்ரோன்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9-ல் மத்திய அரசு தடை விதித்தது. உதிரி பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. வெளிநாட்டு இணையதளத்தில் ஆர்டர் போட்டுவிட்டு, பார்சல் சுங்கத்தில் நின்றுபோய்க் காத்துக் கிடப்பதைவிட, இங்கேயே விற்பவரிடம் பில்லோடு வாங்குவது நிம்மதி.

பெரிய ரிமோட் ஹெலிகாப்டர் என்றால் வெறும் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் யமஹா நிறுவனம் 1987-லேயே ‘ஆர்-50’ என்ற ரிமோட் ஹெலிகாப்டரை நெல் வயலில் மருந்து தெளிக்கக் கொண்டுவந்தது. 1997-ல் வந்த ‘ஆர்மேக்ஸ்’ அதைவிடப் பெரியது, விசிறி விட்டம் 3 மீட்டருக்கும் மேல். இங்கே அந்த வேலையைப் பல விசிறி ட்ரோன்கள் எடுத்துக்கொண்டன. சுய உதவிக் குழுப் பெண்களுக்கான மத்திய அரசின் ‘நமோ ட்ரோன் தீதி’ திட்டத்தில் ட்ரோன் விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. அந்த ட்ரோனை ஓட்டும் பெண்களும் ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கித்தான் வயலில் இறங்குகிறார்கள்.