வாசலோரம் விடும் இடைவெளி

ஸ்வீடன் குளிர்காலத்தில் வெளியே உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி என்றால், அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் நீராவிதான் இருக்க முடியும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் 17 கிராம் வரை தாங்கும் நிலைக்கு வருகிறது. அதனால் சுற்றியிருக்கும் எல்லாவற்றிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சுகிறது. தரையிலுள்ள மரம் வற்றிச் சுருங்குகிறது. கோடை வந்ததும் ஈரத்தை வாங்கி மறுபடி விரிகிறது.

இந்த அசைவுக்கு இடம் கொடுப்பதற்காக வந்ததுதான் மிதக்கும் மரத்தரை. பலகைகள் நாக்கும் காடியுமாக ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். கீழ்த்தளத்தோடு ஆணியாலோ பசையாலோ பிணைக்கப்படுவதில்லை. மெல்லிய ஃபோம் விரிப்பின் மேல், பாய் விரித்தாற்போல, தரை முழுவதும் ஒரே துண்டாகக் கிடக்கும். ஈரம் கூடினால் மொத்தமாக விரியும், குறைந்தால் மொத்தமாகச் சுருங்கும். ஆகவே நான்கு பக்கமும் குறைந்தது 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறார்கள். அறை அகலமானால் அதுவும் கூட வேண்டும்.

சுவரோரம் இந்த இடைவெளியை ஸ்கர்ட்டிங் பலகை மறைத்துவிடும். ஆனால் வெளிவாசலில் சுவரும் இல்லை, ஸ்கர்ட்டிங்கும் இல்லை. மேலே காலணிகள் மிதிபடும். உருகிய பனிநீர் சொட்டும். கதவிடுக்கில் குளிர்காற்று நுழையும். மரத்தரைக்கு மிகச் சோதனையான இடம் இதுதான்.

வேலையை நிலைக்காலிலிருந்து தொடங்குவார்கள். பலகையை நிலையின் வடிவத்துக்கு வெட்டிச் செருகுவதைவிட, நிலைக்காலின் அடியைப் பலகையின் கனத்துக்கு அறுத்து, பலகையை அதற்கடியில் நுழைப்பது நல்லது. இடைவெளி அங்கேயே மறைந்துவிடும். அடுத்து, வெட்டுமுனைக்கு வார்னிஷ் பூச வேண்டும். பலகையின் மேற்பரப்பைவிட அதன் வெட்டுமுனைதான் தண்ணீரை வேகமாக உறிஞ்சும். மரநாரை அழுத்திச் செய்த லாமினேட் பலகையாக இருந்தால், ஒருமுறை ஊறிப் பருத்த ஓரம் பழைய நிலைக்குத் திரும்பாது.

வாசற்படியை ஒட்டி வரும் அலுமினியப் பட்டியில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதன் அடிப்பகுதியைத் திருகிப் பொருத்துவது கீழேயுள்ள கான்கிரீட்டில். மேலிதழ் பலகையின் ஓரத்தை மூடி நிற்கும், அதைப் பிடித்திருக்காது. திருகு பலகைக்குள் இறங்கிவிட்டால் அந்த மூலையில் தரை கட்டுண்டுவிடும். குளிர்காலத்தில் வேறெங்கோ ஓர் இணைப்பு விலகும்; கோடையில் அறையின் நடுவே தரை புடைக்கும். பட்டி வேண்டாம் என்பவர்கள், இடைவெளிக்குள் ஃபோம் கயிறு வைத்து அதன்மேல் நெகிழும் சிலிகான் நிரப்பலாம், அல்லது கார்க் பட்டை பதிக்கலாம்.

பலகை ஓடும் திசையையும் கவனிக்க வேண்டும். மரம் நீளவாக்கில் மிகக் கொஞ்சமே அசையும், அகலவாக்கில்தான் அதிகம். பலகைகள் வாசலுக்கு இணையாக ஓடினால், விரிவின் பெரும்பகுதி வாசற்படி இருக்கும் திசையில்தான் வரும். அங்கே அகலமான இதழுள்ள பட்டி தேவை.

தரை போடுபவரிடம் வாசல் பட்டியின் திருகு எங்கே இறங்குகிறது என்று வேலைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். “கீழ்த்தளத்தில்” என்று பதில் வந்தால், அவருக்கு மரத்தின் இயல்பு தெரியும் என்று நம்பலாம்.