காஸ் துணியில் இத்தனை வகையா?



சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப்போடும் செலவு கேட்டு நம் டிரஸ்டுக்கு அடிக்கடி விண்ணப்பம் வருகிறது. அப்படி ஒரு வீட்டுக்குப் போனபோது, பெரியவரின் காலில் பஞ்சை நேராக வைத்துக் கட்டியிருந்தார்கள். பஞ்சு புண்ணோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் விட்டு ஊறவைத்து இழை இழையாக எடுக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. "காஸும் பஞ்சுதானே பாய்?" என்று கேட்டார் மகன். அந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன்.

காஸ் என்பது நூலாக நூற்று, கண்கண்ணாகத் தெரியும்படி நெய்த பருத்தித் துணி. காஸா நகரின் பெயரிலிருந்து இச்சொல் வந்தது என்று சிலரும், பட்டைக் குறிக்கும் 'கஸ்' என்ற அரபிச் சொல்லிலிருந்து வந்தது என்று சிலரும் சொல்வார்கள். நம் மாநிலத்தில் இதற்குப் பேர்போன ஊர் ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி. அங்கும் சுற்றியுள்ள ஊர்களிலும் விசைத்தறிகளில் நெய்யும் மருத்துவத் துணி நாடெங்கும் போகிறது.

தறியிலிருந்து இறங்கும் துணி அழுக்கு வெள்ளையாக இருக்கும், தண்ணீரும் குடிக்காது. பருத்தியின் மெழுகும் நூலுக்குப் போட்ட கஞ்சியும் அதில் இருப்பதுதான் காரணம். காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, அலசிக் காயவைத்த பிறகே அது உறிஞ்சும் துணியாகிறது. நல்ல காஸைத் தண்ணீரில் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும். ஒரு துண்டை டம்ளரில் போட்டு வீட்டிலேயே பார்க்கலாம்.

பிறகு 8, 12, 16 மடிப்பாக மடிக்கிறார்கள். வெட்டிய ஓரம் வெளியே தெரியாமல் உள்ளே போகும்படி மடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய காஸை வாங்கிக் கத்தரியால் நறுக்கினால் அந்த ஓரம் பிரிந்து நூல் புண்ணுக்குள் விழும். ஆகவே 5, 7.5, 10 சென்டிமீட்டர் அளவுகளில் எது வேண்டுமோ அதையே கேட்டு வாங்குங்கள்.

ஆபரேஷனுக்கான காஸ் வேறு. இரத்தத்தில் நனைந்த துணி வயிற்றுக்குள் சதையோடு சதையாகத் தெரியும். அதனால் எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் சல்பேட் கலந்த இழை ஒன்றை அதில் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் நீல நிறமாக இருக்கும். வயிற்று ஆபரேஷனுக்குரியது இன்னும் பெரியது. பல அடுக்காகத் தைத்து, ஒரு மூலையில் நாடா வைத்திருக்கும். ஆபரேஷனுக்கு முன்னும், தையல் போடுமுன்னும், முடிந்த பின்னும் எண்ணுவார்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் தேடாமல் விடுவதில்லை. இந்த நீல இழைக் காஸை வெளிப்புண்ணுக்குக் கட்டும் துணியாக வைப்பது கூடாது. பின்னால் எடுக்கும் எக்ஸ்ரேயில் அது குழப்பும்.

நம் வீட்டுப் பெண்களுக்கு ஒன்று. பிரசவத்தின்போதும் இரத்தத்தை ஒற்றக் காஸ் வைப்பார்கள். அபூர்வமாக ஒரு துண்டு உள்ளே தங்கிவிடுவதுண்டு. பிரசவமான நாட்களிலோ வாரங்களிலோ துர்நாற்றத்துடன் கசிவு, காய்ச்சல், குறையாத வலி இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரம்மாவிடம் உடனே சொல்லுங்கள். மாமியார்மார்களும் "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

தீப்புண்ணுக்கு பாரஃபின் தோய்த்த காஸ் இருக்கிறது. ஒட்டாமல் வரும். ஆழமான புண்ணில் திணிக்க நீளமான ரிப்பன் காஸ் உண்டு. அதை வைப்பது நர்ஸின் வேலை, நாம் செய்யக்கூடாது.

விலையைப் பார்த்து 100 துண்டு கட்டாக வாங்கும்போது உறையில் 'ஸ்டெரைல்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது கிருமி நீக்காத காஸ். புண்ணைச் சுற்றித் துடைக்கலாம், புண்மேல் வைக்கலாகாது. வெந்நீரில் போட்டு வெயிலில் உலர்த்தினாலும் அது ஸ்டெரைல் ஆகாது. ஸ்டெரைல் உறை கிழிந்திருந்தாலும் நனைந்திருந்தாலும் அப்படியே. நம் மலையடிவார ஈரத்தில், மழைக்காலத்தில் ஜன்னலோரம் வைக்காதீர்கள். பிரித்த உறையில் மிஞ்சியதை மறுநாளுக்கு எடுத்துவைப்பதும் வேண்டாம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முதல் டிரஸ்ட் அலுவலகத்தில் ஸ்டெரைல் காஸும் பேண்டேஜும் இருக்கும். ஜும்ஆவுக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். டாக்டர் சீட்டில் அளவையும், ஒரு நாளைக்கு எத்தனை முறை மாற்ற வேண்டும் என்பதையும் எழுதி வாங்கி வாருங்கள்.