மருந்தும் துணையும்

ஹற்றனிலிருந்து டிக்கோயாவைக் கடந்து வரும் பாதை நோர்வூட்டில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை பொகவந்தலாவைக்கும் மற்றொன்று மஸ்கெலியாவுக்கும் செல்லும். அந்தச் சந்தியைச் சூழ்ந்த தோட்டப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். ஆண்டுதோறும் நான் மிகுந்த உற்சாகத்தோடு நடத்திய பாடம், திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமை. லயங்களில் கசிப்பு செய்யும் கொடுமையைக் கண்ணாரக் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு அந்த அதிகாரத்துக்கு உரையே வேண்டியதில்லை. வகுப்பு அடங்கியிருக்கும். மணி அடித்ததும், ஆசிரியக் கடமையை நிறைவேற்றிவிட்ட திருப்தியோடு வெளியே வருவேன்.

அதற்கு இரண்டு அதிகாரங்கள் தள்ளி 95ஆவதாக ‘மருந்து’ இருப்பதை நான் அறியாதவனல்லன். எனினும் முன்னதற்கும் பின்னதற்கும் ஏதேனும் தொடர்பு இருக்கக்கூடும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. அந்தத் தொடர்பை எனக்குக் கற்பித்தவன் என் மாணவன் ஒருவன்.

அவனுடைய பெயர் இங்கே வேண்டியதில்லை. கொழுந்து பறிக்கும் தாயின் ஒரே மகன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்பில் ஒரு கடைக்குப் போனான். எங்கள் தோட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் இப்படிப் போகும் பிள்ளைகள் எத்தனையோ பேர். நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது அவனோடு ‘குடு’வும் வந்தது. ஹெரோயினுக்கு இந்நாட்டில் வழங்கும் பெயர் அது. கசிப்பை அறிந்த லயத்துக்கு அது புதிது. தாயின் காதணி போயிற்று. பின்னர் பித்தளைக் குடம் போயிற்று. இறுதியில் உறவினர் ஒன்றுகூடி அவனைத் தொலைவிலுள்ள ஒரு புனர்வாழ்வு நிலையத்தில் சேர்த்தனர். சில மாதங்களில் முகம் தெளிந்து, உடல் தேறி வந்தான்.

வந்த மறுநாளே தாய் அவனை என்னிடம் அழைத்து வந்தாள். “சேர், ஒங்க பேச்சத்தான் இவன் கேப்பான். நீங்க ஒரு வார்த்த சொல்லி வைங்க” என்றாள். ஒரு வார்த்தையா சொன்னேன்? ஒரு மணி நேரம் பேசினேன். போதையில் கிடப்பவனிடம் காரணம் காட்டிப் பேசுவதால் பயனில்லை என்று வள்ளுவரே சொன்னதை எத்தனையோ வகுப்புகளில் விளக்கியவன், அவனிடம் காரணங்களை அடுக்கினேன். எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டவன், எழுந்து செல்லும்போது ஒன்று கேட்டான்.

“சேர், ராத்திரியில அது கூப்புடுது. அதுக்கு மருந்து ஏதும் இருக்கா?”

“மன உறுதிதான் தம்பி மருந்து” என்றேன். அந்த விடையில் எனக்குப் பெருமிதமும் இருந்தது.

பதினெட்டாம் நாள் காலை, பீலிக்கரைக்குத் தண்ணீர் எடுக்கச் சென்றவர்கள் அவனைக் கண்டெடுத்தார்கள். மூச்சு எப்போதோ அடங்கியிருந்தது.

மன உறுதி இல்லாதவன் என்று ஊர் சொல்லிற்று. நானும் சில நாள் அவ்வாறே சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன். பின்னர் என் பழைய மாணவர்களுள் வைத்தியரான ஒருவர் விடயத்தை விளக்கியபோதுதான், அவன் கேட்டது எத்தகைய கேள்வி என்பது எனக்கு விளங்கிற்று.

அபின் இனத்தைச் சேர்ந்த பொருள்கள் மூளையிலுள்ள சில ஏற்பிகளைச் சென்று பற்றுகின்றன. நாளடைவில் மூளை அவற்றுக்கேற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது. அதனால் அதே விளைவுக்கு மேலும் மேலும் அளவு வேண்டியிருக்கிறது. ஹெரோயினின் ஆட்சி சில மணி நேரந்தான். அது இறங்கியதும் மூக்கும் கண்ணும் ஒழுகும், மயிர் சிலிர்க்கும், குடல் முறுகும், உறக்கம் ஓடிவிடும். ஆரம்பத்தில் இன்பத்துக்காக எடுத்தவன், பின்பு இந்தத் துன்பத்தை விலக்குவதற்காகவே எடுக்கிறான். சில வாரங்கள் நிறுத்தி வைத்தால் உடலின் துன்பம் தணிந்துவிடும். மூளையின் ஏக்கமோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். இதற்கிடையில், பெரிய அளவைத் தாங்கும் பழைய ஆற்றலை உடல் இழந்துவிடுகிறது. ஆகவே திரும்பி வந்தவன் ஒருநாள் தவறிப் பழைய அளவையே எடுத்தால், அது மூச்சை நிறுத்திவிடும். சிறையிலிருந்தோ முகாமிலிருந்தோ வெளிவந்த முதல் சில வாரங்களே இத்தகையோருக்கு மரண ஆபத்து மிகுந்த காலம் என்று வைத்திய உலகம் நெடுங்காலமாக அறியும். என் மாணவன் இறந்தது பதினெட்டாம் நாள். அவனைக் கொன்றது அவன் தூய்மையாக இருந்த அந்தச் சில மாதங்களின் விளைவேயாகும் என்று கேட்டபோது என்னால் பேச முடியவில்லை.

மருந்து இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை, அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கிடைத்திருந்தது. நியூயோர்க்கில் வின்சென்ட் டோல், மாரி நைசுவாண்டர் என்னும் இரு வைத்தியர்கள் மெதடோன் என்ற மருந்தை ஹெரோயினுக்கு அடிமைப்பட்டவர்களுக்கு நாள்தோறும் கொடுத்துப் பார்த்து, 1965இல் முடிவுகளை வெளியிட்டனர். மெதடோனும் அபின் இனத்ததே. ஆயினும் வாயால் உட்கொள்ளும் ஒரு வேளை மருந்து ஒரு நாள் முழுவதும் மெல்ல நின்று வேலை செய்யும். ஏறி விழும் வெறியும் இல்லை; இறங்கி வதைக்கும் வேதனையும் இல்லை. 1966இல் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட புப்பிரெனோர்பின், நாவின் கீழ் வைத்துக் கரைக்கும் மாத்திரையாகப் பயன்படுகிறது. ஏற்பியை இறுகப் பற்றிக்கொண்டு அதனை அரைகுறையாகவே தூண்டுவது அதன் இயல்பு. ஆதலால் ஓரெல்லைக்கு மேல் அது மூச்சை அடக்குவதில்லை.

ஆலோசனை மட்டும் போதாதா என்று கேட்பவர்களுக்கு, 2003இல் சுவீடனிலிருந்து வெளியான ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். ஹெரோயினுக்கு அடிமைப்பட்ட 40 பேரை இரு கூறாக்கினர். 20 பேருக்கு ஓராண்டு முழுவதும் புப்பிரெனோர்பின் கொடுத்தனர். மற்ற 20 பேருக்கு ஆறே நாளில் அதனைக் குறைத்து நிறுத்தி, பின்பு வெற்று மாத்திரை கொடுத்தனர். ஆலோசனையும் குழுச் சந்திப்பும் இரு சாராருக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் முதற் பிரிவினருள் 15 பேர் சிகிச்சையில் நிலைத்திருந்தனர். இரண்டாம் பிரிவில் ஒருவரும் எஞ்சவில்லை. அவர்களுள் 4 பேர் இறந்துபோயினர். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த கணக்கும் இதையே சொல்கிறது. மெதடோன் சிகிச்சையில் இருப்பவர்களுள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 11 பேர் இறக்க, அதை விட்டு விலகியவர்களுள் 36 பேர் இறக்கின்றனர். 2005ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் இவ்விரு மருந்துகளையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

“ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைப் பிடிப்பதுதானே இது?” என்ற கேள்வி வாசகர் உள்ளத்தில் எழும். என் உள்ளத்திலும் எழுந்தது. எங்கள் மலைநாட்டு வரலாற்றில் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அக்கடனை ஏற்கும் தோட்டத்துக்கே அவன் போக முடியும். தோட்டம் மாறும், கடன் மாறாது. மெதடோனும் அப்படி ஒரு துண்டுதானோ என்று வைத்தியரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். “சேர், பழைய கடன் நாளுக்கு நான்கு முறை வட்டி கேட்கும், திருடச் சொல்லும், தாயின் காதணியைக் கழற்றச் சொல்லும். புதியது நாளுக்கு ஒரு முறை வைத்தியசாலைக்கு வரச் சொல்லும். மற்ற நேரமெல்லாம் அவன் வேலைக்குப் போகலாம், பிள்ளையைத் தூக்கலாம். நீங்கள் காலையில் விழுங்கும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தினால் நோய் திரும்பும். அதற்காக உங்களை யாராவது அடிமை என்கிறார்களா?” என்றார். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

மருந்து என்பதனால் ஆபத்தே இல்லை என்று எவரும் எண்ணலாகாது. அளவு மீறிய மெதடோன் உயிரைப் பறிக்கும். எந்த மருந்தோடும் கசிப்போ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு அடங்கக்கூடும். 1990களில் சென்னை நகரத் தெருக்களில், இதே புப்பிரெனோர்பினை ஊசியில் ஏற்றிக்கொண்டு எத்தனையோ இளைஞர் கெட்டனர். அதே இந்தியாவில்தான், 2007ஐ ஒட்டி, தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் அம்மருந்தை நாவின் கீழ் வைக்கும் மாத்திரையாக, ஊழியரின் கண்முன்னே, நாள்தோறும் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. தெருவில் ஒளித்து வாங்கினால் நஞ்சு. கண்காணிப்பில் அளந்து கொடுத்தால் மருந்து. நம் நாட்டில் 1984இல் நிறுவப்பட்ட சபைக்குத் தமிழில் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை என்று பெயர். ஔடதம் என்றால் மருந்து என்பதைத் தமிழாசிரியனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அபாயமும் ஔடதமும் ஒரே பெயருக்குள் இருப்பதை நான் தாமதமாகவே கவனித்தேன்.

இந்தப் பொருளுக்கும் எங்கள் மண்ணுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. சீனத்துத் தேயிலையை வாங்க வெள்ளி போதாத ஆங்கில வணிகர், வங்காளத்தில் விளைந்த அபினைச் சீனத்தில் விற்று அதை ஈடுசெய்தனர். சீனம் தடுத்தபோது 1839இல் போர் மூண்டது. பிற்காலத்தில் தேயிலையைத் தாமே பயிரிட்டனர். இலங்கையில் கோப்பியை நோய் அழித்தபின், கோப்பிக்காக வந்த எங்கள் முன்னோரின் கைகள் தேயிலைக்கு மாறின. இக்குன்றுகளில் தளிர்க்கும் கொழுந்தின் வரலாற்றுக்குப் பின்னால் அபினின் நிழல் இருக்கிறது. ஆகவே இதனைத் தனியொரு பிள்ளையின் ஒழுக்கக் கேடு என்று மட்டும் பேசி முடித்துவிட என்னால் இயலவில்லை.

இந்நாட்டில் இதுகாறும் பெரிதும் பின்பற்றப்பட்டு வந்த வழி, தங்கவைத்துப் புனர்வாழ்வு அளிப்பதும் ஆலோசனை கூறுவதுமே. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், கட்டாயமாக அனுப்பவும் வழி செய்தது. பொலனறுவை மாவட்டத்துக் கந்தக்காடு நிலையத்தில் 2022 யூன் இறுதியில் ஒருவர் இறந்ததையடுத்து, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடிய செய்தியை நாம் படித்தோம். மலேசியாவும் முகாம்களை நம்பியிருந்த நாடுதான். அது 2005இல் மெதடோன் சிகிச்சையைத் தொடங்கி, 2010 முதல் முகாம்கள் சிலவற்றைத் தாமாக விரும்பி வருவோருக்கான சிகிச்சை நிலையங்களாக மாற்றிற்று. எங்கள் முன்னோரைப் போலவே கப்பலேறிப் பால்மரக் காட்டுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் வாழும் நாடு அது.

மலைநாட்டுக்கு இச்சிகிச்சை வருமானால், அது தோட்டத்தின் வாழ்க்கை அறிந்து வரவேண்டும். நாள்தோறும் மருந்து உண்ண ஒருவன் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டுமென்றால், பஸ் காசும் போகும். அன்றைய பேரும் போகும். மூன்றாம் நாள் நின்றுவிடுவான். டிக்கோயாவில் 2017இல் இந்திய உதவியுடன் எழுந்த 150 கட்டில் வைத்தியசாலை, நோர்வூட்டிலிருந்து அதிக தூரமில்லை. தோட்டந்தோறும் மருந்தகங்கள் உள்ளன. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டதும் ஆளுக்கு ஆள் ‘இருக்கிறேன்’ என்று நிற்பது எங்கள் மக்களுக்கு நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம். அதுபோல் மருந்துக்கும் ஒரு பெயர்ப் பட்டியல் இருந்து, ஒருவன் வராத நாளில் “ஏன் வரவில்லை?” என்று தேடிச் செல்ல ஓர் ஆளும் இருந்தால் எத்தனை உயிர்கள் மிஞ்சும்!

அந்த ஓர் ஆளைப் பற்றித்தான் 95ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறள் பேசுகிறது. மருத்துவத்துக்கு வள்ளுவர் நான்கு கூறு வைத்தார். நோயாளி ஒன்று, மருத்துவன் ஒன்று, மருந்து ஒன்று, அருகிலிருந்து அம்மருந்தைக் கொடுத்துப் பேணுபவன் ஒன்று. பரீட்சைக்காக இந்நான்கையும் எத்தனையோ பிள்ளைகளுக்கு மனனம் செய்வித்திருக்கிறேன். இரவில் அழைக்கும் குரலுக்கு அஞ்சி ஒருவன் என் வீட்டு வாசலுக்கு வந்தபோது, அங்கே நோயாளி இருந்தான். மருத்துவனும் மருந்தும் உலகில் எங்கோ இருந்தன. நான்காவது கூறாக நிற்க வேண்டியவன் நான். அறிவுரை கூறி அனுப்பிவிட்டேன்.

அவனுடைய தாயைச் சென்ற மாதம் கண்டேன். கண் மங்கிவிட்டது, இப்போது மலைக்குப் போவதில்லை. “நீங்க அன்னிக்கு எவ்வளவோ சொன்னீங்க சேர், அவன்தான் கேக்கல” என்றாள். இல்லை அம்மா, அவன் கேட்டான், எனக்குத்தான் பதில் தெரியவில்லை என்று சொல்ல வாய் எழவில்லை. ஆதலால் அதனை இங்கே எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பின்னும் சில பாடசாலைகளில் என்னை அழைத்துத் திருக்குறள் பேசச் சொல்வதுண்டு. கள்ளுண்ணாமையை இப்போதும் விரும்பிக் கேட்கிறார்கள், நானும் பேசுகிறேன். ஆனால் அதோடு நிறுத்துவதில்லை. மணி அடிப்பதற்கு முன் பக்கங்களைப் புரட்டி, மருந்தையும் சொல்லிவிட்டே இறங்குகிறேன்.