பாட்டியின் குத்துவிளக்கை எடைக்குப் போடப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

மாலை ஆறு மணி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கம்பெனி பஸ்கள் வரிசையாகத் திரும்பும் நேரம். சென்னையிலிருந்து வடக்கே போகும் தேசிய நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர்களில் ஒன்றான ஆரம்பாக்கத்திலும் வீடுகளில் விளக்கேற்றும் வேளை அதுதான். இந்த ஊரைத் தாண்டினால் ஆந்திராவின் தடா வந்துவிடும்.

வேலைக்காக ஊர்விட்டு ஊர் வந்து, ஒன்றிரண்டு அறைகள் உள்ள வாடகை வீட்டில் குடியேறும் குடும்பங்கள் இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் அதிகம். வீடு சுருங்கும்போது பரணில் இருக்கும் பழைய பித்தளைச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். அண்டா போகும், தவலை போகும். கடைசியில் மிஞ்சுவது, பாட்டி காலத்துக் குத்துவிளக்கு.

"இதை யாரு வாராவாரம் துலக்குறது? எடைக்குப் போட்டுட்டு, சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாமே?"

நம்மில் பலர் வீட்டில் கேட்ட கேள்விதான் இது. ஆனால், தராசில் ஏற்றும் முன் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். பழைய பித்தளைக்குக் கடையில் கிடைப்பது உலோகத்தின் விலை மட்டும்தான். அந்த விளக்கில் இருக்கும் கைவேலைக்குத் தராசில் இடமே இல்லை.

மண்ணில் பிறக்கும் விளக்கு

குத்துவிளக்கு என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வரும் ஊர், கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் நாச்சியார்கோவில். திருநறையூர் என்ற பெயரில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. கல் கருட சேவைக்குப் புகழ்பெற்ற தலம். இந்த ஊரில் 'பத்தர்' எனப்படும் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக விளக்கு வார்த்து வருகிறார்கள். நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இங்கே எல்லாவற்றுக்கும் ஆதாரம் காவிரிப் படுகையின் வண்டல் மண். விளக்கின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு மாதிரி அச்சு உண்டு. அதைச் சட்டத்துக்குள் வைத்து, பதமான வண்டல் மண்ணை இறுக அடைப்பார்கள். பிறகு மாதிரியை எடுத்துவிட்டால், மண்ணில் அதன் வடிவம் அப்படியே நிற்கும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையை 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி அந்தப் பள்ளத்தில் ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்து வெளியே எடுத்தால் சொரசொரப்பான ஒரு வார்ப்பு கிடைக்கும்.

அதைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டுச் சீவ வேண்டும். பிறகு அரம் போட்டு, வேலைப்பாடு செதுக்கி, மெருகேற்ற வேண்டும். நம் கண்ணைப் பறிக்கும் அந்தப் பளபளப்பு வருவது கடைசியில்தான். மண்ணின் பதம் கொஞ்சம் தப்பினாலும் வார்ப்பில் ஓட்டை விழும். மறுபடியும் உருக்க வேண்டியதுதான்.

பாகம் பாகமாகப் பொருள்

பெரும்பாலான குத்துவிளக்குகள் ஒரே வார்ப்பு அல்ல. அடிப்பாகம், தண்டு, எண்ணெய் ஊற்றும் தட்டு, உச்சியில் அன்னம் அல்லது கூம்பு எனத் தனித்தனியாக வார்த்து, மரை வைத்துத் திருகிச் சேர்க்கிறார்கள்.

ஆன்மிக மரபில் இந்தப் பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் சொல்வதுண்டு. தாமரை போல் விரிந்த அடிப்பாகம் பிரம்மா, நெடிய தண்டு மகாவிஷ்ணு, எண்ணெய் நிற்கும் தட்டு ருத்ரன், திரி வைக்கும் முகங்கள் மகேஸ்வரன், உச்சி சதாசிவன். சுடரில் மகாலட்சுமி, அதன் ஒளியில் சரஸ்வதி, வெப்பத்தில் பார்வதி இருப்பதாகவும் சொல்வார்கள். ஐந்து முகங்களும் அன்பு, மன உறுதி, நிதானம், சமயோசித புத்தி, சகிப்புத்தன்மை ஆகிய ஐந்து குணங்களைக் குறிப்பதாக ஒரு விளக்கமும் உண்டு.

கிழக்கு, வடக்கு திசைகளைப் பார்த்து ஏற்றுவது விசேஷம், தெற்கு நோக்கி மட்டும் ஏற்றக் கூடாது என்பது பல வீடுகளில் வழக்கம். விளக்கை 'அணை' என்று சொல்லக்கூட மாட்டார்கள். 'குளிர வை', 'மலையேற்று' என்பார்கள். வாயால் ஊதாமல், ஒரு பூவால் திரியை மெல்ல எண்ணெய்க்குள் இழுத்துக் குளிர வைப்பார்கள். ஏற்றும்போது இருந்த மரியாதை அமர்த்தும்போதும் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் சாரம்.

இரும்பு விளக்கும் சாகாத ஆடுகளும்

மாலையில் விளக்கேற்றிக் கும்பிடும் வழக்கம் எவ்வளவு பழையது? சங்க இலக்கியமான நெடுநல்வாடையில் பதில் இருக்கிறது. மழைக்காலத்து மாலையில் பெண்கள் விளக்கின் திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவி வணங்கும் காட்சி அதில் வருகிறது. அவர்கள் ஏற்றியது பித்தளை விளக்கு அல்ல, இரும்பு விளக்கு! அதே நூலில் அரண்மனைக் காட்சியில் வேறொரு விளக்கு வருகிறது. யவனர்கள் செய்த, கையில் அகல் ஏந்திய பாவை விளக்கு. இன்று கோயில்களில் நாம் பார்க்கும் பாவை விளக்குக்கு எவ்வளவு பழைய சொந்தம் பாருங்கள்!

சோழர் காலத்தில் கோயில்களில் இரவும் பகலும் எரியும் நந்தா விளக்குக்கு ஆடு, மாடுகளைக் கொடையாகக் கொடுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக் கணக்குப்படி, ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர், தினமும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். இப்படி விடப்பட்ட ஆடுகளுக்குக் கல்வெட்டுகளில் ஓர் அழகான பெயர் உண்டு: 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடுகள். ஆடு இறந்தால் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும், எண்ணிக்கை குறையாது. ஆட்டுக்கு ஆயுள் உண்டு, விளக்குக்குக் கிடையாது என்பதுதான் கணக்கு!

அர்ச்சகர் அம்மாதான்

கோயில் கருவறையில் அர்ச்சகர் பூஜை செய்வார், நாம் கும்பிடுவோம். ஆனால், திருவிளக்கு பூஜையில் நிலைமையே வேறு. 108, 1008 என்று வரிசையாக அமரும் பெண்கள், ஆளுக்கொரு விளக்கை எதிரில் வைத்து, அதற்குப் பொட்டிட்டு, பூச்சூட்டி, போற்றி சொல்லித் தங்கள் கையாலேயே குங்கும அர்ச்சனை செய்கிறார்கள். அந்த நேரத்தில் விளக்கே அம்மன், ஏற்றியவரே அர்ச்சகர்.

கல்யாணச் சீரில் குத்துவிளக்கும் காமாட்சி விளக்கும் தவறாமல் இடம்பிடிப்பதும், மருமகளை 'வீட்டுக்கு விளக்கேற்ற வந்தவள்' என்பதும் இந்த மரபின் தொடர்ச்சிதான். பல வீடுகளில் பரணில் இருக்கும் விளக்கு, அம்மாவோ பாட்டியோ பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீதனம். அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள், பெயர் பொறித்திருக்கலாம். எடைக்குப் போனால் அந்தப் பெயரும் சேர்ந்தே உருகிவிடும்.

எல்லையில் இரண்டு கார்த்திகை

ஆரம்பாக்கம் பக்கம் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும். நாம் குத்துவிளக்கு என்பதுபோல, தெலுங்கு பேசும் வீடுகளில் பூஜையறையில் ஜோடியாக வைக்கும் விளக்குகளைக் 'குந்துலு' என்பார்கள்.

விளக்குக்குரிய மாதமும் இங்கே இரண்டு முறை தொடங்கும். தெலுங்கு நாட்காட்டி சந்திரனை வைத்து ஓடுவது. அதனால், தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே அவர்களுக்குக் கார்த்திக மாசம் பிறந்து, மாதம் முழுக்க தீபம் ஏற்றுவார்கள். நமக்குச் சூரியக் கணக்கு. நவம்பர் நடுவில்தான் கார்த்திகை பிறக்கும், கிருத்திகை நட்சத்திரத்தன்று தீபத் திருநாள். கணக்கு வேறு, விளக்கு ஒன்று.

சின்ன வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம்!

சரி, இடமும் நேரமும் இல்லாத வீட்டில் பெரிய விளக்கை என்ன செய்வது? சில எளிய வழிகள்:

* கழற்றி வையுங்கள்: மரை உள்ள விளக்கைப் பாகம் பாகமாகக் கழற்றித் துணியில் சுற்றினால், ஒரு பை அளவுக்குள் அடங்கிவிடும். தினசரிக்குச் சின்ன காமாட்சி விளக்கு போதும். பெரியதைக் கார்த்திகை, பொங்கல், வீட்டு விசேஷங்களுக்கு எடுக்கலாம்.

* ஆடினால் தூக்கிப் போடாதீர்கள்: மரையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தம் செய்து, பருத்தி நூலை ஒரு சுற்று சுற்றித் திருகினால் பெரும்பாலும் ஆட்டம் நின்றுவிடும். தட்டில் விரிசல் என்றால் பாத்திரக் கடையில் பற்றவைக்கக் கொடுக்கலாம்.

* புளி போதும்: பித்தளை கறுப்பதற்குக் காரணம், அதிலுள்ள செம்பு காற்றோடு வினைபுரிவது. புளியில் இருக்கும் அமிலம் அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். ஆனால், புளியை நெடுநேரம் ஊறவிட வேண்டாம், பித்தளை சிவந்துவிடும். துலக்கியதும் நன்றாகக் கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை துலக்கக் கூடாது என்று வியாழக்கிழமையே முடித்துவிடுவது பலர் வழக்கம்.

* புதிதாக வாங்கினால்: காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சுதான். தமிழக அரசின் பூம்புகார் கைவினைப் பொருள் நிலையங்களிலும் குத்துவிளக்குகள் கிடைக்கின்றன.

* பாதுகாப்பு முக்கியம்: ஒற்றை அறை வீட்டில் கேஸ் சிலிண்டர், திரைச்சீலை இவற்றிலிருந்து விளக்கைத் தள்ளி, ஒரு தாம்பாளத்தின் மேல் வையுங்கள். ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன் கண்டிப்பாகக் குளிர வைத்துவிடுங்கள். அது சாஸ்திரக் குறைவு இல்லை.

மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருக்க முடியாதவர்களுக்கும் ஓர் ஆறுதல். விடியற்காலையில் ஏற்றும் விளக்கும் மரபில் உண்டு. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு ஏற்றும் விளக்கும் விளக்குதான்.

சங்க காலத்தில் இரும்பில் எரிந்த சுடர், இப்போது பித்தளையில் எரிகிறது. நாளை வேறொன்றுக்கு மாறினாலும் மாறலாம். உலோகம் பெரிதில்லை. ஆனால், எந்தக் கை துலக்கியது, எந்தக் கை ஏற்றியது என்ற நினைவு கடையில் புதிதாக வாங்கும் விளக்கில் வராது. அது பரணில் இருக்கும் அந்தப் பழைய விளக்கில்தான் இருக்கிறது.

தராசுக்கு எடுத்துப் போகும் முன், ஒரே ஒருநாள் அதைப் புளி போட்டுத் துலக்கி, நல்லெண்ணெய் ஊற்றி ஏற்றிப் பாருங்கள். அப்புறம் முடிவு செய்யலாம்.