களைப்பும் நிறைவும்

குழந்தைக்குச் சோறூட்டுவதும் துணி துவைப்பதும் மகிழ்ச்சி தருமா? 2004இல் உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை நினைவுகூரச் சொன்னபோது, குழந்தை பராமரிப்பு இன்பத்தில் பின்தங்கியது. 2009இல் இதேபோன்ற இன்னொரு ஆய்வில், ஆய்வாளர்கள் மேத்யூ ஒயிட்டும் பால் டோலனும் ‘பயனுள்ளதாக இருந்ததா?’ என்றும் கேட்டார்கள். அந்த அளவுகோலில் பிள்ளைகளோடு கழித்த நேரம் மேலே ஏறியது. ஆக, அலுப்பான வேலையிலும் ஆழ்ந்த நிறைவு இருக்க முடியும்.

இப்படிப் பேசுவது பெண்களைச் சுமைக்குப் பழக்கும் வழி என்பார்கள். நியாயமான ஐயம்தான். 2019 இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலை செய்தவர்களில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். ஓய்ந்துபோன உடம்புக்கு நிறைவை உணரத் தெம்பு ஏது? தாயின் மனநிறைவை மதிக்கும் வீடு, முதலில் அவள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.