சுரம் கோக்கும் பெட்டி



கணினியில் இசையமைக்கும் மென்பொருளோடு சேர்த்து இயக்கும் துணைக் கருவிக்குப் பிளக்-இன் என்று பெயர். அவற்றுள் ஒரு வகை உண்டு. நாம் சில விதிகளை மட்டும் கொடுத்தால் போதும், சுரங்களைத் தானே பொறுக்கிக் கோத்துக்கொண்டே போகும். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாய்ப்பாட்டும் மிருதங்கமும் பயிலும் நம் பிள்ளைகள் சிலர் இதைத் திறந்து பார்க்கிறார்கள். திரை நிறையக் குமிழ்களும் ஆங்கிலச் சொற்களுமாக இருக்கக் கண்டு, மேல்நாட்டு இசை படித்தவர்களுக்கு உரியது என்று மூடிவிடுகிறார்கள். உண்மையில், சரளி வரிசை பாடத் தெரிந்த பிள்ளைக்கு அந்தத் திரையில் பாதிக்கு மேல் முன்பே தெரிந்த செய்திதான். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஒன்று. பெட்டியைத் திறந்து ஓடவிட்டால் பெரும்பாலும் ஓசையே எழாது. பழுதென்று எண்ண வேண்டாம். அது பாடுவதில்லை, பாடுவதற்கான குறிப்பை எழுதித் தருகிறது. அந்தக் குறிப்பின் மொழி மிடி எனப்படும். வெவ்வேறு நிறுவனங்களின் மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983-ஆம் ஆண்டில் வந்த ஏற்பாடு அது. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் எண்களால் சொல்லும். சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள். பியானோவின் நடு சி-க்கு எண் 60. ஆகவே, அந்தக் குறிப்பை வாங்கி ஒலியாக்க வீணையோ குழலோ, ஏதேனும் ஓர் ஒலிக்கருவியைப் பின்னால் இணைக்க வேண்டும். சில மென்பொருள்களில் இரண்டும் ஒரே தடத்தில் அமரும். சிலவற்றில் ஒலிக்கருவியைத் தனித் தடத்தில் வைத்து, குறிப்பு எங்கிருந்து வருகிறது என்று அதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

இனித் திரைக்கு வருவோம். குமிழ்களின் இடம் பெட்டிக்குப் பெட்டி மாறும். பெயர்கள் அவ்வளவாக மாறுவதில்லை. 'ரூட்' என்ற சொல்லைத் தேடுங்கள். அதுதான் நம் ஆதார சட்ஜம். ஒரு கட்டைச் சுருதி என்றால் சி. ஐந்து கட்டை என்றால் ஜி. ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். அவ்வளவே.

அதன் அருகில் 'ஸ்கேல்' இருக்கும். எந்தச் சுரங்களுக்குள் பெட்டி உலாவ வேண்டும் என்ற வேலி இது. மேஜர் என்றால் சங்கராபரணத்தின் சுரங்கள், லிடியன் கல்யாணி, டோரியன் கரகரப்பிரியா, மேஜர் பென்டாட்டானிக் மோகனம். நாம் பாடம் தொடங்கும் மாயாமாளவகௌளை, டபிள் ஹார்மானிக் என்றோ பைசன்டைன் என்றோ ஒளிந்திருக்கும்.

இந்தப் பட்டியலில் சில வேளைகளில் இந்தியப் பெயர்களும் தென்படும். கண்டவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது. தோடி என்று ஒரு பெயர் இருந்தால் அது பெரும்பாலும் இந்துஸ்தானித் தோடி. அதன் சுரங்கள் நம் சுபபந்துவராளிக்கு, அதாவது 45-ஆவது மேளத்துக்கு உரியவை. நம்முடைய அனுமத்தோடி 8-ஆவது மேளம். அது வேண்டுமென்றால் பிரிஜியன் என்ற பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிலும் சுரங்கள்தாம் வரும், தோடி வராது. அசையாத காந்தாரத்தைத் தோடி என்று எந்த ஆசிரியர் ஒப்புக்கொள்வார்? இத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் எண்சாணை 12 சம பாகமாக்கிய படிகளில் கால் வைத்துத் தாவுகின்றன. படிகளுக்கு இடையே வழுக்கிச் செல்லும் கமகம் அவற்றின் கணக்கில் இல்லை. எண்சாண் என்று நான் சொன்னது ஒரு ஸ்தாயியை. ராகத்தின் எலும்புக்கூட்டைப் பெட்டி தரும். சதையும் உயிரும் ஆசிரியரிடம் கேட்டுக் கற்க வேண்டியவை.

அடுத்து 'ஸ்டெப்ஸ்'. அட்சரங்களின் எண்ணிக்கை என்று கொள்ளலாம். ஆதி தாளத்துக்கு 8 வைத்துக்கொள்ளுங்கள். சில பெட்டிகளில் 'யூக்ளிடியன்' என்ற பகுதியும் உண்டு. கிள்ளான் பக்கம் உறுமி மேளம் அடிக்கும் இளைஞர்கள் இதை விரும்புவார்கள் என்று நினைக்கிறேன். இத்தனை அட்சரத்தில் இத்தனை அடி என்று சொன்னால், அடிகளை இயன்றவரை சமமாகப் பரப்பித் தரும். யூக்ளிட் என்ற கிரேக்க அறிஞரின் வகுத்தல் முறைக்கும் உலகத் தாளங்கள் பலவற்றுக்கும் உள்ள உறவைக் காட்டி, காட்பிரைட் டூசான் என்ற கணினி அறிஞர் 2005-இல் ஒரு கட்டுரை எழுதினார். 7 அட்சரத்தில் 3 அடி வைத்துப் பாருங்கள். இரண்டு, இரண்டு, மூன்று என்று வரும். 'ரொட்டேட்' குமிழைத் திருப்பி மூன்றை முன்னால் கொண்டுவாருங்கள். தகிட, தக, திமி! மிச்ரசாப்பு கிடைத்துவிட்டது.

எஞ்சியிருப்பது 'பிராபபிலிட்டி'. இது நிகழ்வாய்ப்பு. ஓர் அட்சரத்துக்கு 100 என்றால் ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் சுரம் ஒலிக்கும். 50 என்றால் ஏறக்குறையப் பாதி ஆவர்த்தனங்களில் ஒலிக்கும், எப்போது என்று சொல்ல இயலாது. சுரங்களை மாற்றி மாற்றி அடுக்குவது நமக்குப் புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம் இதனைப் பிரஸ்தாரம் என்று விரிவாகப் பேசுகிறது. நான்கு சுரங்களை 24 விதமாக அடுக்கலாம். ஏழு சுரங்களை 5040 விதமாக. அவர் ஒன்றுவிடாமல் முறையாக அடுக்கக் கற்பித்தார். பெட்டியோ சீட்டுக் குலுக்கி எடுக்கிறது. ஆகவே நூறு வரிசையில் தொண்ணூறு சப்பென்று இருக்கும். காது நல்லதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பழகிப் பார்க்க விரும்பும் மாணவர்கள் ரூட்டைத் தம் சுருதிக்கு வைத்து, டபிள் ஹார்மானிக், 8 அட்சரம், 50 என்ற அளவில் மெதுவாக ஓடவிடட்டும். வருகிற சுரத்தை ஸ, ரி, க என்று பெயர் சொல்லிப் பாடட்டும். சுரஞானத்துக்கு நல்ல பயிற்சி. அழகான வரிசை ஒன்று வந்தால் உடனே அதை மிடியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். தற்செயலாக வந்தது, நாளை கேட்டால் வராது.