சந்தையிற் சட்டி வாங்குதல்

யாழ்ப்பாணம் வரும் பிரயாணிகள் பனங்கட்டி வாங்குவர். மட்சட்டி வாங்குவோர் சிலரே. வழியில் உடைந்துவிடும் என்ற அச்சந்தான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியச் செங்கலங்கள் கடல் கடந்து, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அடைந்தன. 1945-இல் வீலர் அவற்றின் ஓடுகளை அகழ்ந்தெடுத்தார். கப்பலேறி வந்த மட்கலம், பஸ்ஸில் மடிமீது வைத்தால் வீடு சேராதா?

சட்டியைக் கையிலேந்தி, விரலை மடக்கித் தட்டுங்கள். கணீரென்றால் நன்றாகச் சுட்டது. ஒலி மந்தமாயின் எங்கோ கீறலுண்டு. வெயிலுக்கெதிரே பிடித்தால் ஊசித்துளையும் தெரிந்துவிடும். உட்புறத்தில் விரல் பதிந்த வரிகளைக் காட்டி விலையைக் குறைக்க வேண்டாம். கையால் வனைந்ததற்கு அவையே அத்தாட்சி. அலுமினியம் வந்தபின் வனைவோரும் அருகிவிட்டனர்.

வீடு சேர்ந்ததும் ஓரிரவு நீரில் ஊறவைத்து, முதலிற் கஞ்சி காய்ச்சி இறக்குங்கள். பின்னர் ஒடியற்கூழ். அலுமினியச் சட்டியிற் காய்ச்சிய கூழை அயல்வீட்டாருக்கே கொடுத்துவிடலாம்.